பூட்டு–சாவித் தொழிலுக்கான இரகசியக்காப்பு ஒப்பந்தத்தை எழுதுவது எப்படி?

பூட்டு–சாவித் தொழில் நிறுவனம் ஒன்றின் பணிச்சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைபேசி எண் இருக்கும். அதன் கீழே எந்தக் கதவில் எந்த வகைப் பூட்டு பொருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். ஓரத்தில் ஐந்தாறு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். அந்த இலக்கங்கள் சாவியின் வெட்டு எண்கள். சாவியில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் எவ்வளவு ஆழத்தில் வெட்டப்பட வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. பூட்டின் வகையும் இந்த எண்களும் தெரிந்துவிட்டால், பொருத்தமான வெட்டாத சாவியும் இயந்திரமும் வைத்திருக்கும் எவரும், மூலச் சாவியைக் கண்ணால் பாராமலே அதைப் போன்ற இன்னொன்றைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிட முடியும். பல சீட்டுகளின் கடைசி வரியில், வீட்டார் எந்த நாள்வரை வெளியூரில் இருப்பார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

இப்படிப்பட்ட தகவலைக் கையாளும் தொழிலுக்கு, வேறு ஏதோ ஒரு தொழிலுக்காக எழுதப்பட்ட பொதுப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கையொப்பம் வாங்குவது போதாது. அத்தகைய படிவங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் விலைப்பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், தொழில் முறைகள் ஆகியவற்றைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. பூட்டுத் தொழிலிலோ காக்கப்பட வேண்டிய இரகசியத்தின் பெரும்பகுதி வாடிக்கையாளருக்கு உரியது. நிறுவனம் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறது. மேலும், ஒரு சாவியின் எண்கள் ஒருமுறை வெளியேறிவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. பூட்டைத்தான் மாற்ற வேண்டும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சரத்தையும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணப்பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் பயன்படும் பொதுச் சாவிகளின் ஒளிப்படம் 2014ஆம் ஆண்டு ஒரு நாளிதழில் வெளியானது. அச்சாவிகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்குவதற்கான கோப்புகள் 2015ஆம் ஆண்டு இணையத்தில் பரவின. அதன் பிறகு எந்தப் படத்தை எங்கிருந்து நீக்கினாலும், அந்தப் பூட்டுகள் இழந்த பாதுகாப்பை மீட்க வழியில்லை.

யாருடன் எந்த ஒப்பந்தம்

முதலில், யார் யாருக்கு எந்த இரகசியத்தைச் சொல்லப்போகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணியாளரும் பயிற்சியாளரும் நிறுவனத்திடமிருந்து தகவலைப் பெறுகிறார்கள். ஆகவே அவர்களுடனான ஒப்பந்தம் ஒருவழி ஒப்பந்தமாக இருந்தால் போதும். ஒரு மருத்துவமனை, விடுதி அல்லது அலுவலகக் கட்டடத்துக்கு மாஸ்டர் சாவி அமைப்பை, அதாவது ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவியும் எல்லாக் கதவுகளையும் திறக்கும் ஒரு சாவியும் கொண்ட அமைப்பை, உருவாக்கித் தரும்போது, கட்டடத்தார் தம் கதவுகளின் விவரத்தைத் தருகிறார்கள். நிறுவனம் தன் வடிவமைப்பையும் விலையையும் தருகிறது. அங்கே இருவழி ஒப்பந்தம் பொருந்தும். கூடுதல் வேலை வரும்போது அழைக்கப்படும் துணை ஒப்பந்தக்காரரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் உங்கள் பணியாளர் அல்லர் என்பதால் பணி நியமனக் கடிதத்தில் உள்ள எந்த நிபந்தனையும் அவரைக் கட்டுப்படுத்தாது. அவருக்குத் தனி ஒப்பந்தம் கட்டாயம் தேவை. நிறுவனத்தை விற்கும் பேச்சு தொடங்கினால், வாங்க விரும்புபவரிடம் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒப்பந்தம் கையொப்பமாகியிருக்க வேண்டும். அப்போதும் வாடிக்கையாளரின் சாவி எண்கள் அடங்கிய பதிவேடு அந்தப் பேச்சில் மேசைக்கு வரவே கூடாது.

சில உயர்வகைப் பூட்டுகளின் வெட்டாத சாவிகளை, தம்முடன் ஒப்பந்தம் செய்துகொண்ட விற்பனையாளருக்கு மட்டுமே உற்பத்தியாளர் வழங்குவார். அத்தகைய ஒப்பந்தத்தில், யாருடைய கையொப்பம் இருந்தால் நகல் சாவி வெட்டலாம் என்ற பட்டியலைப் பராமரிப்பது குறித்த கடமைகளும் இருக்கலாம். உங்கள் பணியாளருடன் எழுதும் ஒப்பந்தம் அந்தக் கடமைகளுக்கு முரணாக இல்லாதபடி இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் படியுங்கள்.

சட்டம் எதிர்பார்ப்பது

1995ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான டிரிப்ஸின் 39ஆவது பிரிவு, வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புக் கிடைக்க மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. தகவல் அத்துறையினரிடையே பொதுவாக அறியப்படாததாகவும் எளிதில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். இரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் அதை இரகசியமாகக் காக்க நியாயமான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வணிக இரகசிய நெறியுறுத்தலும் ஏறத்தாழ இதே மூன்றையும் பின்பற்றுகிறது. ஒப்பந்தம் மூன்றாவது நிபந்தனைக்கான வலுவான சான்று. ஆனால் அதுவே முழுச் சான்று ஆகாது. சாவி எண்கள் எழுதிய பதிவேட்டை யாரும் புரட்டக்கூடிய இடத்தில் திறந்து வைத்திருக்கும் நிறுவனம், கையொப்பமிட்ட தாளை மட்டும் நீதிமன்றத்தில் காட்டித் தான் நியாயமான நடவடிக்கை எடுத்ததாக வாதிடுவது கடினம். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதும் ஒவ்வொரு கட்டுப்பாடும் அன்றாட வேலையில் உண்மையாகவே பின்பற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

எது இரகசியம் என்பதை வரையறுத்தல்

ஒப்பந்தத்தின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. அதிக நேரத்தை இதற்கே செலவிடுங்கள். "நிறுவனம் தொடர்பான எல்லாத் தகவல்களும்" என்று எழுதுவது பாதுகாப்பைக் கூட்டுவதுபோலத் தோன்றினாலும், எதை மறைக்க வேண்டும், எதைப் பேசலாம் என்பதைப் பணியாளருக்கு அது சொல்லித் தருவதில்லை. வழக்கு என்று வரும்போது அத்தகைய சொற்றொடரை நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே பார்க்கின்றன. பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பூட்டுத் தொழிலில் அவை பெரும்பாலும் இவையாக இருக்கும்: சாவி வெட்டு எண்கள், பூட்டின் உருளையான சிலிண்டருக்குள் எந்த அளவுள்ள பின் (சாவியின் பள்ளங்களோடு பொருந்தும் சிறு உலோகக் கம்பி) எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, கட்டடத்தின் எல்லாச் சாவிகளின் வெட்டு எண்களையும் காட்டும் மாஸ்டர் சாவி அட்டவணை, பெட்டகங்களின் எண் சேர்க்கை, மின்னணுப் பூட்டுகளின் நிர்வாகக் குறியீடு, வாகனத்தின் அடையாள எண்ணைக் கொண்டு பெறப்பட்ட சாவிக் குறியீடும், உரிய சாவி இல்லாமல் வாகனம் இயங்காதபடி தடுக்கும் இம்மொபிலைசர் கருவியின் எண்ணும், எந்தச் சாவி யாரிடம் உள்ளது என்ற பதிவு, நகல் சாவி பெற உரிமையுள்ளவர்களின் பெயரும் மாதிரிக் கையொப்பமும், வாடிக்கையாளர் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும், இல்லாதிருக்கும் நேரங்கள்.

இவற்றுள் மாஸ்டர் சாவி அட்டவணையைத் தனியாகப் பிரித்து, மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் வைக்க வேண்டும். ஒரு தனிச் சாவியின் எண்கள் வெளியேறினால் ஒரு கதவு ஆபத்துக்குள்ளாகிறது. அட்டவணை வெளியேறினால் முழுக் கட்டடமும் ஆபத்துக்குள்ளாகிறது. மேலும், மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வழக்கமான மாஸ்டர் சாவி அமைப்பில் ஒரே ஒரு கதவின் சாவியும் அதன் பூட்டும் கைவசம் இருந்தாலே மாஸ்டர் சாவியின் வடிவத்தைக் கண்டறிய முடியும் என்று காட்டியது. ஆகவே அத்தகைய கட்டடங்களைப் பொறுத்தவரை, சிறியதாகத் தோன்றும் ஒற்றைச் சாவியின் தகவலையும் அட்டவணைக்கு இணையாகவே கருதும்படி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

முகவரியோடு சேராத வெட்டு எண்ணால் தீமை குறைவு. வெட்டு எண்ணோடு சேராத முகவரியாலும் அப்படியே. இரண்டும் ஒரே தாளில் சேரும்போதுதான் ஆபத்து உருவாகிறது. எனவே இரண்டையும் தனித்தனிப் பதிவேடுகளில் வைத்து, பணி எண்ணால் மட்டும் இணைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தி, அந்த வழக்கத்தையே ஒப்பந்தக் கடமையாக்கலாம். ஒரு மாதிரி வாசகம்:

"வாடிக்கையாளர் ஒருவரின் சாவி வெட்டு எண்களையோ, பெட்டக எண் சேர்க்கையையோ, மின்னணுக் குறியீட்டையோ, அவருடைய பெயர், முகவரி, வாகனப் பதிவு எண் ஆகியவற்றுள் எதனுடனும் ஒரே தாளிலோ, ஒரே செய்தியிலோ, ஒரே கோப்பிலோ பணியாளர் எழுதவோ அனுப்பவோ சேமிக்கவோ கூடாது. பணி எண்ணின் வழியாக மட்டுமே இவற்றை இணைக்க வேண்டும்."

கைபேசியும் இயந்திரமும்

2008ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் 60 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த ஒளிப்படத்தைக் கொண்டே ஒரு சாவியின் வெட்டு எண்களைக் கணினியால் கண்டறிந்து காட்டினார்கள். மேசைமேல் வைத்து நேராக எடுக்கப்படும் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், கடைக்கு வெளியே வேலை செய்யும் பணியாளர் சந்தேகம் கேட்பதற்காகச் சாவியையும் பூட்டையும் படமெடுத்து, பணியாளர் குழுவுக்குச் செய்திச் செயலியில் அனுப்புவது இத்தொழிலில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அந்தப் படம் குழுவில் உள்ள எல்லாருடைய கைபேசியிலும் பதிகிறது. பலருடைய கைபேசியிலிருந்து தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கும் சென்றுவிடுகிறது. வேலையை விட்டுச் சென்றவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டாலும் படம் அவரிடமே இருக்கும்.

இதை முற்றாகத் தடை செய்தால் வேலை நடக்காது என்றால், நடைமுறைக்கு ஏற்ற வரம்பை எழுதுங்கள்: நிறுவனத்தின் கைபேசியில் மட்டுமே படமெடுக்கலாம், சாவியின் வெட்டுப் பகுதி தெரியும்படி எடுக்கக் கூடாது, கட்டடத்தின் பெயர்ப்பலகை, கதவு எண் ஆகியவை அதே படத்தில் வரக்கூடாது, பணி முடிந்த அன்றே நீக்க வேண்டும். விளம்பரத்துக்காக வேலையின் படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிடும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடமாட்டோம் என்று தாமும் உறுதியளிக்க வேண்டும். பணியாளரைக் கட்டுப்படுத்தும் விதி முதலாளியையும் கட்டுப்படுத்தினால்தான் பணியாளர் அதை மதிப்பார்.

கணினி வழியாக இயங்கும் சாவி வெட்டும் இயந்திரங்கள் பலவற்றில், முன்பு வெட்டிய சாவிகளின் எண்கள் நினைவகத்தில் தங்கும் வசதி உள்ளது. இயந்திரத்தைப் பழுதுபார்க்க அனுப்பும்போதும், பழைய இயந்திரத்தை விற்கும்போதும் அந்த நினைவகத்தை அழிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரிட்டு எழுதுங்கள். குறியீடு தேடும் மென்பொருளுக்கான கடவுச்சொல்லும் இப்படித்தான்; ஒருவருக்கு ஒரு கணக்கு என்று பிரித்துக் கொடுத்தால், யார் எந்தக் குறியீட்டை எப்போது தேடினார் என்பதைப் பின்னர் அறிய முடியும்.

இரகசியம் அல்லாதவை

பணியாளரின் பொதுவான தொழில்திறன் அவருக்கே உரியது. பூட்டைச் சேதமில்லாமல் திறக்கும் கை நுணுக்கத்தையும் பின்களை அடுக்கும் அறிவையும் ஒப்பந்தத்தால் சிறைப்படுத்த முயல்வது நியாயமன்று. சட்டமும் பெரும்பாலும் அதற்கு இடந்தராது. அவர் நாளை வேறு கடையில் சேரலாம், சொந்தக் கடை தொடங்கலாம். போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற தடையை இரகசியக்காப்பு ஒப்பந்தத்துக்குள் புகுத்துவதைத் தவிருங்கள். அத்தகைய தடைகளைப் பல நாடுகளின் சட்டங்கள் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன; அதனால் எழும் வழக்கு, நல்லபடியாக எழுதப்பட்ட மற்றச் சரத்துகளையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

வழக்கமான விதிவிலக்குகள், அதாவது ஏற்கெனவே பொதுவெளியில் இருந்த தகவல், பெறுபவருக்கு முன்பே தெரிந்திருந்த தகவல், வேறொருவரிடமிருந்து முறைப்படி பெற்ற தகவல் ஆகியவை, உங்கள் ஒப்பந்தத்திலும் இடம்பெறலாம். ஆனால் பொதுவெளித் தகவல் என்ற விதிவிலக்கில் இத்தொழிலுக்கே உரிய ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைப் பூட்டின் பலவீனம் நூல்களிலும் காணொலிகளிலும் வெளியாகியிருக்கலாம். அந்தப் பூட்டு இன்ன வாடிக்கையாளரின் இன்ன கதவில் இருக்கிறது என்பது வெளியாகவில்லை. "ஒரு பூட்டு வகையைப் பற்றிய பொதுவான தகவல் வெளியாகியிருப்பது, அப்பூட்டு எந்த இடத்தில் பயன்படுத்தப்படுகிறது என்ற தகவலை இரகசியமற்றதாக ஆக்காது" என்ற ஒரு வாக்கியம் இந்த ஓட்டையை அடைத்துவிடும்.

குற்றம் நடந்திருப்பதாகப் பணியாளர் நம்பினால் காவல்துறையிடமோ உரிய அதிகாரியிடமோ சொல்வதை ஒப்பந்தம் தடுக்கக்கூடாது. இதை மௌனமாக விடாமல் வெளிப்படையாக எழுதுங்கள். அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு வணிக இரகசியப் பாதுகாப்புச் சட்டம், சட்டமீறலைப் பற்றி அரசு அதிகாரியிடம் இரகசியமாகத் தெரிவிப்பவருக்கு விலக்களிப்பதோடு, அவ்விலக்கைப் பற்றிய அறிவிப்பு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும் என்றும் சொல்கிறது. அறிவிக்கத் தவறிய முதலாளி அந்தப் பணியாளரிடமிருந்து கூடுதல் இழப்பீட்டையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் கோரும் உரிமையை இழக்கிறார். நீதிமன்ற ஆணையின் பேரில் தகவல் தர வேண்டி வந்தால், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு முன்கூட்டியே நிறுவனத்துக்குத் தெரிவித்து, கேட்கப்பட்டதை மட்டும் தர வேண்டும் என்று எழுதினால் போதும்.

எவ்வளவு காலம்

பொதுப் படிவங்களில் 2 ஆண்டு, 3 ஆண்டு, 5 ஆண்டு என்று காலவரம்பு இருக்கும். விலைப்பட்டியலுக்கு அது பொருந்தும். ஏனெனில் விலை மாறிவிடும். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு கதவுப் பூட்டோ பல பத்தாண்டுகள் அதே சாவியோடு அதே கதவில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்தச் சாவியின் எண்ணைச் சொல்லலாம் என்று பொருள்படும்படி எழுதுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். ஆகவே இரண்டு கால அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள்: நிறுவனத்தின் வணிகத் தகவலுக்கு ஆண்டுக் கணக்கு, வாடிக்கையாளரின் பூட்டுத் தகவலுக்கு, அந்தப் பூட்டு அகற்றப்படும்வரை அல்லது வேறு சாவிக்கு மாற்றியமைக்கப்படும்வரை. அது நடந்ததை உறுதிப்படுத்தும் எழுத்துபூர்வச் சான்று இல்லாதவரை கடமை தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கசிந்துவிட்டால்

பெரும்பாலான ஒப்பந்தங்கள் தண்டனையைப் பற்றிப் பேசி நிறுத்திவிடுகின்றன. பூட்டுத் தொழிலில் முதல் கேள்வி, வாடிக்கையாளருக்கு எப்போது சொல்லப்படும் என்பதுதான். தகவல் கசிந்ததாகச் சந்தேகம் எழுந்தவுடனேயே, உறுதியாகும்வரை காத்திராமல், பணியாளர் நிறுவனத்துக்கும் நிறுவனம் வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் என்ற வரம்பை எண்ணாக எழுத வேண்டும். கட்டடங்களுக்கு 24 மணி நேரம் நியாயமான வரம்பு என்று கருதுகிறேன். பெட்டகங்களைப் பொறுத்தவரை அதுவும் அதிகம்.

அடுத்தது செலவு. உருளையைக் கழற்றி, உள்ளே உள்ள பின்களை மாற்றி, புதிய சாவிக்கு ஏற்ப அமைக்கும் வேலைக்கு ஒரு பூட்டுக்கு எவ்வளவு, புதிய சாவி ஒன்றுக்கு எவ்வளவு, அவசரப் பயணத்துக்கு எவ்வளவு என்று இணைப்புப் பட்டியலில் குறிப்பிடுங்கள். கசிவுக்குப் பொறுப்பான தரப்பு, பாதிக்கப்பட்ட பூட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படும் இத்தொகையை ஏற்க வேண்டும் என்று எழுதினால், இழப்பீடு உண்மையான செலவோடு ஒட்டி நிற்கும். அச்சுறுத்துவதற்காகப் பெரிய தொகை ஒன்றை அபராதமாக எழுதுவதால் பயனில்லை. நியாயமான இழப்புக்குத் தொடர்பில்லாத அபராதத்தைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் குறைத்துவிடும் அல்லது ஏற்க மறுத்துவிடும். சிறிய சம்பளம் வாங்கும் பணியாளர் மீது முழுக் கட்டடத்தின் செலவையும் சுமத்துவது நடைமுறையில் வசூலாகாது. அவர் வேண்டுமென்றே செய்ததையும் கவனக்குறைவால் நேர்ந்ததையும் பிரித்து, இரண்டாவதற்கு நிறுவனமே பொறுப்பேற்பதாக எழுதுவதே நேர்மையானது. அப்படி எழுதினால் பணியாளர் தவறை மறைக்காமல் உடனே வந்து சொல்வார். வாடிக்கையாளரின் கதவும் அன்றைக்கே காப்பாற்றப்படும்.

கையொப்பமும் விடைபெறுதலும்

முதல் பணிச்சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே கையொப்பம் வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவரிடம் புதிதாக வாங்குவதானால், ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதற்கு ஈடாக அவருக்கு ஏதேனும் ஒரு பலன் கிடைத்திருக்க வேண்டும் என்ற கோட்பாடு உண்டு; ஊதிய உயர்வோடு அல்லது புதிய பொறுப்போடு இணைத்துக் கொடுப்பது நல்லது. அவர் படிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒரு பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் உரிய வயதை எட்டாதவர் என்றால், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பமும் தேவைப்படலாம். இறுதி வரைவை உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவர் பார்க்கட்டும். எது இரகசியம் என்ற பகுதியை மட்டும் நீங்களே எழுதி அவரிடம் கொடுங்கள், ஏனெனில் பணிச்சீட்டில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தகவலைத் திருப்பித் தருவது பற்றிய சரத்தில் ஒரு சிக்கல் எழும். பணி முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று கட்டடத்தார் கேட்பார்கள். மாஸ்டர் சாவி அட்டவணையை அழித்துவிட்டால், பின்னாளில் ஒரு கதவைச் சேர்க்கவும் முடியாது, தொலைந்த சாவியை ஈடுசெய்யவும் முடியாது. அட்டவணையின் ஒரே பிரதியை முத்திரையிட்ட உறையில் கட்டடத்தாரிடமே ஒப்படைப்பது, அல்லது நிறுவனத்தின் பெட்டகத்தில் வைத்து ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நாளும் பெயரும் பதிவது என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். வரி முதலிய சட்டத் தேவைக்காக வைத்திருக்க வேண்டிய விலைச்சீட்டுகளில் வெட்டு எண்கள் இடம்பெறாதபடி முதலிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணியாளர் விலகும் நாளில், அவரிடமிருந்த சாவிகள், கருவிகள், வெட்டாத சாவிகள், குறிப்பேடுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பெற்று இருவரும் கையொப்பமிடுங்கள். சொந்தக் கைபேசியிலும் இணையச் சேமிப்பகத்திலும் எதுவும் மீதமில்லை என்ற எழுத்துபூர்வ உறுதியைப் பெறுங்கள். குறியீட்டு மென்பொருளில் அவருடைய கணக்கை அன்றே முடக்குங்கள். அவர் பெயரை அனுமதிப் பட்டியலில் வைத்திருக்கும் கட்டடங்களுக்கும் உற்பத்தியாளருக்கும், அவர் இனி நிறுவனத்தின் சார்பாக வரமாட்டார் என்பதைக் காரணம் எதுவும் குறிப்பிடாமல் அன்று மாலைக்குள் தெரிவித்துவிடுங்கள்.